நாற்காலி ஒன்று, வேலை இரண்டு

எழுதவும் சாயவும் ஏற்ற நாற்காலியை நமக்கு நாமே அமைத்துக்கொள்ளும் வழி

மாலை ஏழரை மணி. மும்பை கோட்டைப் பகுதியில் உள்ள ஓர் ஆபீஸில் எட்டு மணி நேரம் குனிந்து கணக்கு எழுதிவிட்டு, லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கம்பியைப் பிடித்தபடி நின்று, டோம்பிவிலியில் இறங்கி வீட்டுக்கு வருகிறார் ஒரு குமாஸ்தா. வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. ஒரு மூலையில் சமையல் மேடை. கட்டிலில் அம்மா படுத்திருக்கிறார். தரையில் பையன் பாடப் புத்தகங்களைப் பரப்பியிருக்கிறான். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நன்றாகச் சாய்ந்தால் பின்கால்கள் வளைகின்றன. கடைசியில் அவர் சுவரோரம் தலையணையை வைத்துத் தரையிலேயே சாய்ந்துகொள்கிறார். ஆபீஸில் முடியாத கணக்கு மடியில் கிடக்கிறது. அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்குகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிழைப்புக்காகக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் கதை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஆபீஸ் வேலை வீட்டுக்கு வந்தது. ஆபீஸ் நாற்காலி வரவில்லை. கட்டில் மீதும் சமையல் மேடை ஓரத்திலும் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் பலருக்குக் கழுத்து வலியும் முதுகு வலியும் மிச்சமாயின.

ஒரே அறைக்குள் வேலைக்கு ஒரு நாற்காலி, ஓய்வுக்கு ஒரு நாற்காலி என்று இரண்டு போட இடம் கிடையாது. அப்படியானால் ஒரே நாற்காலி இரண்டுக்கும் உதவுமா? உதவும். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் கணக்கும், கைதேர்ந்த ஒரு தச்சரும் போதும்.

ஈஸிசேரின் குறை

சாய்வு நாற்காலி நம்மவர்களுக்குப் புதிது அல்ல. மரச்சட்டத்தில் கேன்வாஸ் துணியைத் தொங்கவிட்ட ஈஸிசேர், ஊரில் வசதியான வீட்டுத் தாழ்வாரங்களில் தவறாமல் இருந்தது. துணியின் இரு முனைகளையும் மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு கம்பைச் செருகியிருப்பார்கள். பின்பக்கத்துத் தாங்கு கட்டையை ஏற்றி இறக்க மூன்று நான்கு காடிகள் வெட்டியிருப்பார்கள். வீட்டுப் பெரியவர் எழுந்து போன சமயம் பார்த்துக் கம்பை உருவி வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்து உட்கார்ந்து ‘தொப்’பென்று விழுந்ததும் ஓடி ஒளிந்த குறும்புகளை இன்றும் பலர் சொல்லிச் சிரிப்பார்கள்.

மத்தியானத் தூக்கத்துக்கு அந்த நாற்காலியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் அதில் உட்கார்ந்து நாலு வரி எழுதிப் பார்த்தால் அதன் குறை தெரியும். துணி தொய்ந்து உடம்பைத் தொட்டில் போல வளைத்துவிடும். எழுதுவதற்காகத் தலையை முன்னே நீட்டினால் கழுத்து வலிக்கும். எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு கைகளையும் ஊன்றி எம்பியாக வேண்டும். வயதானவர்களுக்கு அது பெரும் சிரமம்.

ஆபீஸ்களில் போடும் நேர்முதுகு மர நாற்காலி இதற்கு நேர் எதிர். எழுதலாம், சாய முடியாது. இந்த இரண்டு நாற்காலிகளையும் வைத்து ஒரு நம்பிக்கையே வளர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால் சுறுசுறுப்பு, சாய்ந்து உட்கார்ந்தால் சோம்பல் என்பது அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தொடங்கி ஆபீஸில் சூப்பிரண்டு வரை எல்லோரும் இதையே சொல்லி வந்தார்கள். ஆனால் முதுகெலும்பின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதுகெலும்பின் கணக்கு

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. அடுக்கி வைத்த எலும்புத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள். உடம்பின் பாரத்தைத் தாங்குவது இந்தத் தட்டுகள்தான். பக்கவாட்டில் பார்த்தால் இடுப்புப் பகுதி முன்னோக்கி லேசாக வளைந்திருக்கும். நிற்கும்போது இந்த வளைவு இயல்பாக இருக்கும். கூன்போட்டு உட்காரும்போது அது தட்டையாகி, பின்னோக்கியே வளைந்துவிடுகிறது. தட்டுகளின் முன்பகுதி நசுங்குகிறது.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960-களில் உயிருள்ள மனிதர்களின் இடுப்புத் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது அது 25. சாயாமல் நிமிர்ந்து உட்காரும்போது 140. உட்கார்ந்தபடி முன்னால் குனியும்போது 185. மேஜை மேல் குனிந்து கணக்கு எழுதும் குமாஸ்தாவின் இடுப்பு ஒவ்வொரு நாளும் சுமப்பது இந்தக் கடைசிக் கணக்கைத்தான்.

1974-இல் ஸ்வீடனிலேயே நடந்த மற்றோர் ஆராய்ச்சி நேராக நாற்காலிக்கே வந்தது. முதுகுச் சாய்மானத்தைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க, தட்டின் அழுத்தம் குறைந்தது. இடுப்பு வளைவுக்கு அணை கொடுத்தபோது இன்னும் குறைந்தது.

1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒரு தொண்டரின் இடுப்புத் தட்டில் சிறு கருவியைப் பொருத்தி, அவர் அன்றாடம் செய்யும் காரியங்களின்போது அளந்தார்கள். நேராக உட்காருவதில் நாகெம்சன் கண்ட அளவுக்கு அழுத்தம் ஏறவில்லை. நிற்பதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் மற்ற இரண்டு விஷயங்கள் ஒத்துப்போயின. உட்கார்ந்து முன்னால் நன்றாகக் குனிந்தபோது அழுத்தம் மிக அதிகம். நாற்காலியில் தாராளமாகச் சாய்ந்தபோது, நிற்பதைவிடவும் குறைவு.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 22 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடைக்கும் முதுகுக்கும் இடையே 135 டிகிரி கோணம் இருக்கும்போது முதுகெலும்புக்குச் சிரமம் குறைவு என்றார்கள். 1953-இலேயே அமெரிக்க மருத்துவர் கீகன் எக்ஸ்ரே படங்களை வைத்து ஏறக்குறைய இதே கோணத்தைச் சொல்லியிருந்தார்.

ஆகவே சாய்வது சோம்பல் அல்ல. முதுகுக்குக் கேடு செய்வது குனிவதும், ஒரே நிலையில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பதும்தான். ஆயினும் 135 டிகிரியில் சாய்ந்துகொண்டு மேஜை மேல் உள்ள நோட்டில் எழுத முடியாது, கை எட்டாது. வேலையும் நடக்க வேண்டும், முதுகும் தப்ப வேண்டும் என்றால் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். சாய்மானத்தை வேளைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். மேஜையைத் தேடி உடம்பு போவதற்குப் பதிலாக, மேஜையை உடம்புக்கு அருகே கொண்டுவர வேண்டும்.

கிராமத்துத் தச்சர் காட்டிய வழி

இந்த இரண்டையும் மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1866-இல் லண்டனில் வில்லியம் மாரிஸ் என்பவரின் மேஜை நாற்காலிக் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர் வாரிங்டன் டெய்லர். அவர் தெற்கு இங்கிலாந்தின் சஸெக்ஸ் கிராமப் பகுதியில் எஃப்ரெய்ம் கோல்மன் என்ற வயதான தச்சரின் பட்டறையில் ஒரு நாற்காலியைப் பார்த்தார். முதுகுச் சாய்மானம் இருக்கையோடு கீல் போட்டுப் பொருத்தப்பட்டிருந்தது; அதை வேண்டிய அளவுக்குச் சாய்த்துக்கொள்ள முடிந்தது. டெய்லர் அதைப் படமாக வரைந்து, கம்பெனிக்கு வடிவமைத்துக் கொடுத்துவந்த பிலிப் வெப்புக்கு அனுப்பினார். வெப் அதைத் திருத்தி அமைத்தார். ‘மாரிஸ் நாற்காலி’ என்று உலகம் முழுவதும் பரவியது அதுதான். பெயர் கம்பெனி முதலாளிக்குப் போயிற்று; யோசனை கிராமத்துத் தச்சருடையது.

மாரிஸ் நாற்காலி வகையின் சூட்சுமம் மிக எளிது. கைச்சட்டங்கள் இரண்டும் சாய்மானத்தைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். அந்த நீட்சியில் வரிசையாகக் காடிகளோ முளைகளோ இருக்கும். குறுக்கே ஒரு கம்பு. அந்தக் கம்பின் மேல் சாய்மானம் சாய்ந்து நிற்கும். கம்பை ஒரு காடி பின்னால் தள்ளினால் சாய்வு கூடும். முன்னால் கொண்டுவந்தால் நிமிரும். ஸ்பிரிங் இல்லை, திருகாணி இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை.

மேஜையை உடம்புக்கு அருகே கொண்டுவந்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி சார்லஸ் டார்வின். அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை. தம் நீண்ட கால்களுக்கு ஏற்ப உயர்த்திச் சக்கரம் வைத்த ஒரு கை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைச்சட்டங்களின் மேலும் துணி ஒட்டிய ஒரு பலகையைக் குறுக்கே வைத்துக்கொண்டு எழுதினார். உலகத்தின் எண்ணத்தையே மாற்றிய புத்தகம் பலகையும் நாற்காலியுமாக எழுதப்பட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் எட்வர்ட் நேபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற உறவுக்காரர்கள் இருவர் 1928-இல் இன்னொரு படி மேலே போனார்கள். உட்கார்ந்தவர் சாயும்போது சாய்மானம் மட்டும் போகாமல் இருக்கையும் சேர்ந்து நகரும்படி செய்தார்கள். முதல் மாதிரியை அவர்கள் ஆரஞ்சுப் பழப் பெட்டிப் பலகைகளால் செய்து பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று கடைகளில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் மெத்தை வைத்த ‘ரிக்லைனர்’. அந்த ரிக்லைனர் நம்மவர் அறைக்குள் நுழையாது. நுழைந்தால் மற்றவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் யோசனை நமக்கு வேண்டும்.

வழுக்கி இறங்குவது ஏன்?

பல சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் உடம்பு கீழே வழுக்கி வந்துவிடும். சட்டை மேலே ஏறிவிடும். மறுபடி எம்பி உட்கார வேண்டியிருக்கும். காரணம் இதுதான். முதுகு பின்னால் சாயும்போது உடம்பின் பாரம் இடுப்பை முன்னால் தள்ளுகிறது. இருக்கை தட்டையாகவே இருந்தால் அதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. உடம்பு தசைகளை இறுக்கிக்கொண்டு தன்னைத் தானே பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. ஓய்வுக்கென்று சாய்ந்தவர் அலுத்து எழுவது இதனால்தான்.

ஆகவே சாய்மானம் பின்னே போகும்போது இருக்கையின் முன்பக்கம் கொஞ்சம் உயர வேண்டும். இதற்கு மிச்சிகன்காரர்களின் இயந்திர அமைப்பு தேவையில்லை. இருக்கைப் பலகையின் பின்பக்கத்தைக் கீல் வைத்துப் பொருத்திவிட்டு, முன்பக்கத்துக்கு அடியில் மடக்கி நிமிர்த்தும்படி ஒரு கட்டை வைத்தால் போதும். வேலை நேரத்தில் கட்டை மடங்கிக் கிடக்கும், இருக்கை தட்டை. ஓய்வு நேரத்தில் கட்டையை நிமிர்த்தினால் இருக்கையின் முன்பக்கம் இரண்டரை அங்குலம் உயரும். 16 அங்குல ஆழமுள்ள இருக்கைக்கு இது ஏறக்குறைய 9 டிகிரிச் சரிவு. இடுப்பு தானாகப் பின்னே போய் உட்காரும்.

முன்பக்கம் உயர்ந்தால் பாதம் தரையை விட்டுக் கிளம்பும். தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, கால் மரத்துப்போகும். அதற்காகக் காலுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். அதன் உயரம் இருக்கையைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக இருக்கலாம். வேலை நேரத்தில் அது நாற்காலிக்கு அடியிலேயே போய்விட வேண்டும். ஒரே அறை வீட்டில் இது முக்கியம். பையனுக்கு அதுவே உட்காரும் ஆசனமாகவும் ஆகும்.

அளவு எடுப்பது எப்படி?

சட்டை தைக்க அளவு கொடுக்கிறோம். செருப்பு வாங்கக் காலை நீட்டுகிறோம். ஆனால் ஒரு நாளில் பல மணி நேரம் உட்காரும் நாற்காலிக்கு யாரும் அளவு கொடுப்பதில்லை. வெளிநாட்டு அளவில் செய்த நாற்காலிகளில் நம்மவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கால் தொங்கும். இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, வடிவமைப்பாளர்களுக்கு உதவும் புத்தகம் ஒன்றை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-இல் வெளியிட்டது. சொந்த நாற்காலிக்கு அந்தப் புத்தகம்கூட வேண்டாம். ஓர் அளவு நாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும்.

முதலில் இருக்கையின் உயரம். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்க, முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு இது சுமார் 16 அங்குலம் வரும். அதுதான் இருக்கையின் உயரம். மேலே மெத்தை போடுவதானால், உட்கார்ந்தபின் அது அமுங்கி நிற்கும் அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து ஆழம். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளக்க வேண்டும். அதில் மூன்று விரல் அகலம் கழித்தால் இருக்கையின் ஆழம். ஆழம் அதிகமானால் முதுகு சாய்மானத்தை எட்டாது. சாய்மானம் இருந்தும் இல்லாத கதை. பெரும்பாலோருக்கு 15 முதல் 17 அங்குலத்துக்குள் அடங்கும்.

மூன்றாவது கைச்சட்டம். தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். எட்டு, ஒன்பது அங்குலம் வரலாம். கைச்சட்டம் இதைவிட உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும். தாழ்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சரியும்.

நான்காவது சாய்மானம். இருக்கைக்கு மேல் முதல் நான்கு அங்குலம் வெற்றிடமாக விடுவது நல்லது. பிருஷ்ட பாகம் பின்னே போக அது இடம் கொடுக்கும். இருக்கையிலிருந்து ஆறு முதல் ஒன்பது அங்குல உயரத்தில் இடுப்பு வளைவு வருகிறது. அங்கே அணை வேண்டும். அந்த அணையைச் சாய்மானத்தோடு சேர்த்து ஆணி அடித்துவிடக் கூடாது. ஒரே நாற்காலியில் அப்பா, பையன், பாட்டி மூவரும் உட்கார்வார்கள். மூவரின் வளைவும் ஒரே உயரத்தில் இராது. ஒரு சிறு தலையணையில் துணிப்பட்டை தைத்து, பட்டையைச் சாய்மானத்தின் மேலே போட்டு, மறுமுனையில் மணல் பை கட்டித் தொங்கவிட்டால், தலையணையை வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். கழுத்துக்கும் இதேபோல ஒன்று.

காடிகளின் கணக்கு

சாய்மானத்துக்கு நான்கு நிலைகள் போதும். தரையோடு சேர்த்துப் பார்த்தால் 100 டிகிரி எழுதுவதற்கு, 110 படிப்பதற்கு, 120 டெலிவிஷன் பார்ப்பதற்கு, பேச்சுக்கு, 130 கண் அயர்வதற்கு.

இங்கேதான் தச்சர்கள் வழக்கமாகத் தவறு செய்வார்கள். நான்கு காடிகளையும் சம இடைவெளியில் வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டினால் சாய்வு சமமாகக் கூடாது. சாய்மானத்தின் கீலிலிருந்து கைச்சட்டம் 9 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீலுக்கு நேர் மேலே கைச்சட்டத்தில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பின்னோக்கி அளந்தால், நான்கு நிலைகளும் முறையே 1.6, 3.3, 5.2, 7.6 அங்குலத்தில் வரும். அதாவது இடைவெளி போகப் போகக் கூடிக்கொண்டே இருக்கும். சாய்மானச் சட்டத்தின் கனத்தையும் கம்பின் கனத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால், வெட்டுவதற்கு முன்பு அட்டையில் முழு அளவுக்குப் படம் வரைந்து பார்ப்பது உத்தமம்.

காடி ஒவ்வொன்றும் ஆழமாகவும் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் யாராவது திடீரென்று சாய்ந்தாலும் கம்பு தெறித்து வெளியே வராது. கம்பின் இரு முனைகளிலும் ஒரு குமிழ் வைத்து, வெளியே உருவ முடியாதபடி செய்துவிட வேண்டும். பழைய ஈஸிசேர் விளையாட்டு இங்கே வேண்டாம்.

பின்கால்கள் முக்கியம். நாற்காலியில் ஒருவர் முழுக்கச் சாயும்போது பாரம் பின்னே போகும். பின்கால்கள் நேராக இருந்தால் நாற்காலி குடைசாய்ந்துவிடும். பின்கால்களை வெளிப்பக்கமாகச் சரித்து, கடைசிக் காடிக்கு நேர் கீழே தரையைத் தொடும்படி வைத்தால் ஆபத்து இல்லை.

எழுதும் பலகை

கைச்சட்டங்களுக்கு இடையே 20 அங்குலம் என்றால், பலகை 26 அங்குல நீளம், 14 அங்குல அகலம் இருக்கலாம். அடிப்பக்கம் இரண்டு சிறு கட்டைகளை அடித்துவிட்டால், அவை கைச்சட்டத்தின் உட்புறத்தில் பதிந்து பலகை நகராமல் நிற்கும். பலகை உடம்பை நோக்கிச் சரிவாக இருப்பது நல்லது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேஜை ஞாபகம் இருப்பவர்களுக்கு இதன் பயன் தெரியும். நோட்டு கண்ணை நோக்கி எழும். தலை குனிய வேண்டியது குறையும். புத்தகம் வழுக்காமல் இருக்கக் கீழ் ஓரத்தில் ஒரு ரீப்பர் துண்டு போதும்.

லாப்டாப் வைத்து வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையும் எழுத்துப் பலகையும் ஒன்றாக இருப்பதால், கைக்குச் சௌகரியமான உயரத்தில் வைத்தால் கழுத்து தொங்கும். தனி எழுத்துப் பலகை வாங்கி அதை மடிப்பலகையில் வைத்து, லாப்டாப்பை எதிரே உயரமான இடத்தில் வைப்பதே முறை. வேலை முடிந்ததும் பலகையைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடலாம். அது இடத்தை அடைக்காது.

மரமும் பிரம்பும்

மும்பையின் புழுக்கத்தில் ரெக்சின் மெத்தை வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். காற்றுப் புகும் பிரம்புப் பின்னலே நல்லது. பழைய நாளில் தோட்ட முதலாளிகளின் பங்களாக்களில், காலை நீட்டிப் போட்டுக்கொள்ளக் கைச்சட்டத்தையே நீட்டிச் செய்த நாற்காலிகளில் பிரம்பைப் பின்னியது இதற்காகத்தான். மும்பை சோர் பஜாரில் பழைய சாமான்களைப் பார்க்கப் போகிறவர்கள் அத்தகைய நாற்காலிகளை இன்றும் பார்க்கலாம். வாங்க வேண்டும் என்பதில்லை. கால்கள் எப்படிச் சரிந்திருக்கின்றன, பொளி எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்துவந்தால் போதும்.

உள்ளூர் மரமும் உள்ளூர்த் தச்சரும் சாதாரணம் என்று நினைப்பவர்கள் சண்டிகர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நகரம் கட்டப்பட்ட 1950-களில், அங்கே பணியாற்றிய கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே, அரசாங்க ஆபீஸ்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார். இந்தியத் தச்சர்கள் செய்தார்கள், குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் அவை பழசாகிவிட்டன என்று ஆபீஸ் மொட்டை மாடிகளில் குவிக்கப்பட்டு, கழிவுச் சாமானாக விலை போயின. அவற்றை வாங்கிச் சென்ற வெளிநாட்டு வியாபாரிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் ஏலம் விட்டார்கள். கடைசியில் 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு, அந்தச் சாமான்களைக் காப்பாற்ற உத்தரவு போட வேண்டியதாயிற்று.

நம்முடைய நாற்காலிக்குத் தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் பழைய கதவு, ஜன்னல் சட்டங்களின் மரம் போதும். வருஷக்கணக்காகக் காய்ந்த மரமாகையால் முறுக்கிக்கொள்ளாது. ஜோகேஸ்வரி ஓஷிவாராவில் மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பேட்டையில் தெரிந்த மிஸ்திரி இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் நின்று செய்து வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நல்ல மரத்தை வெட்டுவதற்கு முன் மாதிரி செய்து பார்க்க வேண்டும். மன்ரோ ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப் பெட்டியில் செய்ததைப் போல, பழைய பெட்டிப் பலகையிலோ பிளைவுட் துண்டிலோ ஆணி அடித்து, நான்கு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கே அழுத்துகிறது, எங்கே இடிக்கிறது என்று உடம்பே சொல்லும். அதன்பின் செய்யும் திருத்தத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை. தேக்கை வெட்டியபின் செய்யும் திருத்தத்துக்குச் செலவு அதிகம்.

உட்காரும் முறை

எவ்வளவு நல்ல நாற்காலியும் மணிக்கணக்காக அசையாமல் உட்காருவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. முதுகுத் தட்டுகளுக்கு ரத்த ஓட்டம் நேராகக் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் சத்து நீர் உள்ளே போய் வருகிறது. ஆகவே அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். எழ முடியாத வேலையானால் ஒரு காடியாவது மாற்றிக்கொள்ள வேண்டும். கம்பும் காடியும் இருப்பதே அதற்காகத்தான்.

வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் கண்டாலோ நாற்காலியை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு நாற்காலி அமைந்தால் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் என்ன நடக்கும்? காலையில் முதல் காடியில் கம்பை வைத்துப் பையன் பலகையில் கணக்குப் போடுவான். மத்தியானம் பாட்டி கடைசிக் காடியில் சாய்ந்து, ஸ்டூலில் காலை நீட்டுவார். ராத்திரி குமாஸ்தா வந்து, மிச்சக் கணக்கை எழுதி முடித்து, பலகையை ஆணியில் மாட்டுவார். பிறகு கையைப் பின்னால் நீட்டி, கம்பை இரண்டு காடி தள்ளி வைப்பார். உட்கார்ந்த இடம் மாறாது. வேலை மட்டும் முடிந்துவிட்டிருக்கும்.